அலமாரிக்குப் பின்புறம்

வீட்டின் வரலாறு பெரும்பாலும் அதன் முகப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தூண், வளைவு, விதானம், ஜன்னலின் விகிதம் ஆகியவை எப்போது எப்படி மாறின என்று சொல்லிவிட்டால் கட்டடக்கலை நூல்களுக்குக் கடமை முடிந்தது. உள்ளே குடியிருந்தவன் கட்டிலை எந்தச் சுவரோரம் போட்டான், எங்கே கயிறு கட்டித் திரை தொங்கவிட்டான், எதை எதன்மேல் அடுக்கினான் என்பதெல்லாம் அவற்றின் பார்வைக்கு அப்பால். இருபதாம் நூற்றாண்டு ருஷ்ய நகரங்களைப் பொறுத்தவரை இந்த மாதிரி வரலாறு அதிகம் உதவாது. பீட்டர்ஸ்பர்க்கின் முகப்புகள் 1917க்குப் பிறகும் பெரும்பாலும் அப்படியே நின்றன. மாற்றம் உள்ளே நடந்தது. பீரோவை எங்கே நிறுத்துவது என்பதே அங்கே சரித்திரப் பிரச்னையாயிற்று.

நமக்குத் தமிழில் வந்து சேர்ந்த ருஷ்யா பெரும்பாலும் திறந்த வெளி. சோவியத் பதிப்பகங்களின் மலிவு விலை நூல்கள் தால்ஸ்தாயின் வயல்களையும் கார்க்கியின் ஆலைகளையும் கொண்டுவந்தன. அறைகள் அவ்வளவாக வரவில்லை. அந்த அறைகளையும், அவற்றைத் தடுத்தும் மடித்தும் மனிதர்கள் புழங்கிய சாமர்த்தியத்தையும், அந்தச் சாமர்த்தியத்துக்கும் எழுத்துக்கும் இருந்த உறவையும் பற்றி இங்கே சொல்ல முயல்கிறேன்.

1

‘மூலை’ என்ற சொல்லுக்கு ருஷ்ய நகர வாழ்வில் தனி அர்த்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீட்டர்ஸ்பர்க்கில் அறை எடுக்க வசதியில்லாதவன் மூலை எடுத்தான். ஒரே அறை, மூலைக்கு ஒரு குடி, குடிக்கு ஒரு வாடகை, நடுவே சீலை. நெக்ரசோவ் 1845ல் ‘பீட்டர்ஸ்பர்க்கின் மூலைகள்’ என்று ஒரு உரைநடைச் சித்திரமே எழுதினார். மறு வருஷம் வந்த தாஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவல் ‘ஏழை மக்க’ளில் வரும் குமாஸ்தா, சமையலறையில் தடுப்பு வைத்து உண்டாக்கிய இடத்தில் குடியிருக்கிறான். சமையலறையில் இருக்கிறேன் என்று கடிதத்தில் எழுதிவிட்டு, உடனே அதைத் திருத்தி, சமையலறைக்குப் பக்கத்து அறை என்று கௌரவப்படுத்திக்கொள்கிறான். அந்தத் திருத்தத்தில் மனுஷனுடைய மானம் முழுவதும் இருக்கிறது. இருபது வருஷம் கழித்து, ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் ரஸ்கோல்னிகோவ் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் கூரைக்கடியில், அறை என்பதைவிட அலமாரி எனத் தகுந்த ஒன்றில் கிடக்கிறான். தாழ்ந்த கூரையும் குறுகிய அறையும் ஆத்மாவையும் புத்தியையும் நெருக்குகின்றன என்று அவனே சோன்யாவிடம் சொல்கிறான். கொலைக்கு அது நியாயமல்ல என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்ததை எல்லாம் புரட்சியின் தலையில் ஏற்றிவிடுவது சுலபம் என்பதுதான். மூலையைக் கண்டுபிடித்தது புரட்சியல்ல. மூலையில் கிடந்தவனை நடுக்கூடத்துக்குக் கொண்டுவருவதாக அது வாக்களித்தது.

2

1918 ஆகஸ்டு 20ந் தேதி ஆணை ஒன்று நகரங்களில் கட்டடங்களின் மீதான தனியுடைமையை ரத்து செய்தது. நிலவறைகளிலும் ஆலைக் கொட்டடிகளிலும் கிடந்தவர்கள் வக்கீல்களும் வியாபாரிகளும் வாழ்ந்த பெரிய வீடுகளுக்குள் குடிவைக்கப்பட்டார்கள். இதற்கு அதிகாரபூர்வமாகவே ‘நெருக்குதல்’ என்று பொருள்படும் சொல்லைத்தான் வைத்தார்கள். உபரி இடம் இருப்பவர், குடியிருப்புக் குழு தன் இஷ்டத்துக்கு ஆளை அனுப்புவதற்கு முன்னால், தனக்கு வேண்டியவர்களைத் தானே அழைத்துக்கொண்டு ‘தானாக நெருங்கிக்கொள்ள’வும் ஒரு காலத்தில் இடமிருந்தது. கஷ்டமான பெரியப்பாவுக்கும் தெரியாத ஒரு கொல்லனுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அது.

அளவுகோல் ஒன்றும் வந்தது. ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற சுகாதார அளவு எட்டு, ஒன்பது சதுர மீட்டரை ஒட்டி நிர்ணயிக்கப்பட்டது. நடைமுறையில் அதுவும் கிடைக்கவில்லை. கிராமங்களிலிருந்து ஜனங்கள் ஆலைகளுக்கு வந்து குவிந்தபடி இருந்தார்கள். மாஸ்கோவில் சராசரியாக ஆளுக்குக் கிடைத்தது 1930ல் ஐந்தரை சதுர மீட்டர். 1940ல் நாலுக்குச் சற்று மேல். ஒரு கட்டிலையும் ஒரு நாற்காலியையும் போட்டுவிட்டு நடப்பதற்கு வழி விட்டால் தீர்ந்துவிடும் இடம்.

இப்படி உண்டானதுதான் கம்யூனல்கா என்ற பொதுக்குடியிருப்பு. ஒரு பெரிய வீட்டில் அறைக்கு ஒரு குடும்பம். சமையலறை, குளியலறை, கக்கூஸ், நடை எல்லாம் பொது. வாசலில் ஒரே மணி இருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு தரம், ஐந்தாம் குடும்பத்துக்கு ஐந்து தரம் என்று அடிக்க வேண்டும். சமையலறையில் குடும்பத்துக்கு ஒரு மேஜை, ஒரு பம்ப் ஸ்டவ், சில இடங்களில் தலைக்குமேல் தனித்தனி பல்பும். ஒரே சமையலறையில் ஏழு பல்புகள் தொங்கும். யாருடைய கஞ்சி கொதிக்கிறதோ அவர்களுடைய பல்பு மட்டும் எரியும்.

நம் ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லை இதற்குப் போட முடியாது. ஒண்டுக்குடித்தனத்தில் வீட்டுக்காரன் என்று ஒருவன் இருக்கிறான். பாக்கி வைக்க, சண்டை போட, முதுகுக்குப் பின்னால் திட்ட. கம்யூனல்காவில் வீட்டுக்காரன் அரசு. பக்கத்து அறைக்காரன் ஒருவேளை அதன் காது.

பெரிய அறைகளைத் தடுத்தபோது விசித்திரமான வடிவங்கள் கிடைத்தன. பழைய வரவேற்பறையின் கூரை பதினாலு அடி உயரத்தில் இருக்கும்; தரையோ இரண்டு கட்டில் அகலம். உயரம் இருந்தது, அகலம் இல்லை. ஜன்னலின் நடுவில் வந்து முட்டும் தடுப்பு ஆளுக்குப் பாதி ஜன்னலைத் தந்தது. சுண்ணாம்புப் பூவேலைப்பாட்டில் ஒரு மாலையின் பாதி இந்தக் குடும்பத்துக்கு, மீதி அடுத்த குடும்பத்துக்கு. ஒரு அறைக்குள்ளேயே மகனுக்குக் கல்யாணமானால் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்திக் குறுக்கே நிறுத்தினார்கள். பீரோவுக்கு முதுகு அழகாயிருக்காது. அதன்மேல் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். பீரோவுக்கு முன்புறம் மாமியார், பின்புறம் புதுத் தம்பதி. ஒட்டுப்பலகை, திரை, பீரோ என்ற இந்த மூன்றும்தான் அந்தக் காலத்து ருஷ்ய உள்வீட்டு அலங்காரக் கலையின் மூலப்பொருட்கள்.

3

1920களின் ருஷ்ய எழுத்து இந்த அறைகளைக் கண்டுகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. நான்கு விதமான பதில்கள் தெரிகின்றன.

முதலாவது சிரிப்பு. ஜோஷ்சென்கோவின் ‘நெருக்கடி’ (1925) கதையில் ஒருவன் மாஸ்கோவில் எங்கும் இடம் கிடைக்காமல் ஒரு குளியலறையை வாடகைக்கு எடுக்கிறான். அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தை. குழந்தையைத் தினமும் குளிப்பாட்ட சௌகரியம் என்று திருப்திப்படுகிறான். சங்கடம் ஒன்றுதான்: அந்த வீட்டின் முப்பத்திரண்டு குடித்தனக்காரர்களும் சாயங்காலங்களில் குளிக்க வருவார்கள், குடும்பத்தோடு நடைக்கு நகர வேண்டும். இல்ஃபும் பெத்ரோவும் ‘பன்னிரண்டு நாற்காலிக’ளில் (1928) காட்டும் விடுதியில் ஒட்டுப்பலகையால் பிரித்த அறைகள் பென்சில் பெட்டி போல வரிசையாக இருக்கின்றன, ஒரு பெட்டியின் முத்தச் சத்தம் எல்லாப் பெட்டிகளுக்கும் கேட்கிறது. சிரித்துக்கொண்டே படிக்கிறோம். ஆனால் ஒட்டுப்பலகை கண்ணுக்குத்தான் சுவர், காதுக்கு அல்ல என்ற செய்தி பின்னால் எவ்வளவு பயங்கரமாகப் போகிறது என்பது அந்த எழுத்தாளர்களுக்கே அப்போது தெரிந்திராது.

இரண்டாவது கோபம். புல்ககோவின் ‘நாயின் இதயம்’ 1925ல் எழுதப்பட்டு, 1987ல்தான் சோவியத் யூனியனில் அச்சேறியது. அதில் ஏழு அறை வைத்திருக்கும் மருத்துவப் பேராசிரியரிடம் குடியிருப்புக் குழு வந்து சாப்பாட்டு அறையையும் பரிசோதனை அறையையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. சாப்பிட ஒரு அறை, அறுக்க ஒரு அறை, படிக்க ஒரு அறை என்று அவர் அடித்துப் பேசுகிறார். படிக்கிற நம் அனுதாபம் தன்னிச்சையாகப் பேராசிரியர் பக்கம் போகிறது. அப்படிப் போவதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். குழுக்காரர்கள் எந்த நிலவறையிலிருந்து வந்தார்கள் என்று புல்ககோவ் சொல்வதில்லை. நெக்ரசோவின் மூலையில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

மூன்றாவது கணக்கு. இதுவும் புல்ககோவிடமே. ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவலில் சாத்தானின் நடன விருந்து ஒரு சாதாரண மாஸ்கோ குடியிருப்பில் நடக்கிறது. அவ்வளவு பெரிய கூடம் இந்தச் சின்ன வீட்டுக்குள் எப்படி என்று மார்கரீட்டா வியக்கிறாள். ஐந்தாவது பரிமாணம் தெரிந்தவர்களுக்கு இது சிரமமில்லை என்று விளக்கம் வருகிறது. உடனே ஒரு கிளைக்கதை: ஐந்தாவது பரிமாணம் எதுவும் தெரியாத ஒரு மாஸ்கோவாசி மூன்றறை வீட்டில் ஒரு தடுப்பு வைத்து நாலாக்கி, அதை இரண்டு வீடுகளுக்கு மாற்றி ஐந்தாக்கி, அதிலொன்றை மறுபடி மாற்றி ஆறாக்கினானாம். சாத்தானின் மாயத்துக்குச் சமமாக ஒரு தடுப்புப் பலகையை வைத்தது புல்ககோவின் மேதைமை. அவரே 1921லிருந்து சில வருஷம் சதோவயா தெருவில் இப்படி ஒரு பொதுக்குடியிருப்பில் அவதிப்பட்டவர். நாவலின் அந்த வீட்டு எண்ணும் அவர் இருந்த வீட்டின் எண்ணும் ஒன்றே, 50.

நான்காவது பயங்கரம். க்ரிஷிஷனோவ்ஸ்கி என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிது. 1950ல் செத்துப்போன அவருக்கு, எழுதியதில் மிகச் சொற்பமே உயிரோடு இருக்கும்போது அச்சேறியது. கதைத் தொகுதி வந்தது 1989ல். அர்பாத் தெருவில் ஒரு மிகச் சிறிய அறையில் பல வருஷம் இருந்தார். 1926ல் எழுதிய ‘குவாத்ராத்தூரின்’ கதையில் எட்டு சதுர மீட்டர் அறையில் வாழும் ஒருவனுக்கு, சுவரில் பூசினால் அறையை உட்புறமாக விரியச் செய்யும் ஒரு களிம்பு கிடைக்கிறது. கூரைக்குப் பூச மருந்து போதவில்லை. அறை விரிகிறது, விரிந்துகொண்டே போகிறது. வெளியே யாருக்கும் தெரியாது. அளவெடுக்கும் குழு வந்துவிடுமோ என்று நடுங்குகிறான். கடைசியில் விளக்கில்லாத தன் அறையின் இருட்டில் சுவரையும் கதவையும் கண்டுபிடிக்க முடியாமல் தொலைந்துபோகிறான். இடத்துக்காக ஏங்கியவனை இடமே விழுங்கிவிடுகிறது. அளவு என்பது ஒரு மனிதனுடைய மனசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், விடுதலையும் அந்த அளவின் கெட்ட கனவாகத்தான் வர முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

4

கீழே ஜனங்கள் பலகையாலும் சீலையாலும் செய்ததை மேலேயிருந்து கட்டடக் கலைஞர்கள் வரைபடத்தால் செய்ய முயன்றார்கள். கின்ஸ்பர்க், மிலினிஸ் என்ற இருவரின் திட்டப்படி 1928-30ல் மாஸ்கோவில் நிதித்துறை ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட நார்கோம்ஃபின் கட்டடம் இதில் முக்கியமானது. படுக்கிற இடத்துக்கு உயரம் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். படுக்கைப் பகுதியின் கூரையைத் தாழ்த்தி, அங்கே மிச்சப்பட்ட உயரத்தைக் கூடத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு வீட்டின் உயர்ந்த பாகம் அடுத்த வீட்டின் தாழ்ந்த பாகத்தோடு பொருந்திக் கோத்துக்கொள்ளும். வெட்டுமுகத்தைப் பார்த்தால் இரண்டு கைகளின் விரல்கள் பின்னிக்கொண்டது மாதிரி இருக்கிறது. சின்ன வீடுகளில் சமையலறை என்பது சுவரோரம் ஒரு மாடம், மூடினால் மறைந்துவிடும்.

அதே சமயம் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் நகராட்சி கட்டிய வீடுகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் 1926ல் திட்டமிட்ட சமையலறை பிரசித்தம். 1.87 மீட்டர் அகலம், 3.44 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியிலுள்ள அடுக்களையைப் பார்த்து, அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எண்ணிச் செய்தது. மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை, அரிசிக்கும் சர்க்கரைக்கும் மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள். சுமார் பத்தாயிரம் வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். அந்த அம்மாள் 1930ல் எர்ன்ஸ்ட் மே குழுவோடு சோவியத் யூனியனுக்கே வேலைக்கு வந்தார்.

இரண்டு சமையலறைகளும் சிறியவை. நோக்கம் வேறு. ஃபிராங்ஃபர்ட் சமையலறையைச் சுருக்கியது பெண்ணின் நடை குறைவதற்காக. சமைப்பது அவள்தான் என்பதில் அதற்குச் சந்தேகமில்லை. மாஸ்கோ சமையலறையைச் சுருக்கியது ஒருநாள் அது இல்லாமலே போய்விடும் என்ற நம்பிக்கையில். பொது உணவுக்கூடம், பொதுச் சலவை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் வந்தபின் வீட்டுக்குள் அடுப்பு எதற்கு? பெரிய கனவு அது. அதைக் கிண்டல் செய்கிறவர்கள் அநேகமாகச் சமைக்காதவர்கள். ஆனால் 1930 மே மாதம் கட்சியின் மத்தியக் குழு, வாழ்க்கை முறையை ஒரே தாவலில் மாற்றப் பார்க்கும் இம்மாதிரி முயற்சிகளைக் கண்டித்தது. கனவு கைவிடப்பட்டது. மாடம் மட்டும் மிஞ்சியது. அந்த மாடத்துக்குள் நின்று பெண்கள் பழையபடி சமைத்தார்கள், முன்னைவிட நெருக்கடியாக. நார்கோம்ஃபின் கட்டடத்தின் கீழே தூண்களுக்கிடையில் தோட்டத்துக்காகத் திறந்து விட்டிருந்த இடத்தையும் பின்னால் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள்.

இதே கட்டடத்தின் உச்சியில் காற்றோட்ட இயந்திரங்களுக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தது. செலவு கருதி இயந்திரங்கள் வரவில்லை. நிதித்துறைக் கமிஸார் மில்யூட்டின் அந்த ஒதுக்கிடத்தைத் தமக்கு ஒரு மாடிவீடாக மாற்றிக்கொண்டார். ஒட்டுப்பலகை கட்டுகிறவனுக்கும் கமிஸாருக்கும் சாமர்த்தியம் ஒன்றுதான். ஒருவனுக்கு மூலை கிடைத்தது, ஒருவருக்கு மொட்டை மாடி.

5

30களில் அறை என்பது அரசு கொடுக்கும் சன்மானமாகிவிட்டது. எழுத்தாளனும் வரிசையில் நின்றான். 1933ல் ஓசிப் மந்தெல்ஷ்டாமுக்கு மாஸ்கோவில் எழுத்தாளர் கூட்டுறவுக் கட்டடம் ஒன்றில் இரண்டறை வீடு கிடைத்தது. பார்க்க வந்த பாஸ்டர்நாக் விடைபெறும்போது, வீடு கிடைத்துவிட்டது, இனிக் கவிதை எழுதலாம் என்கிற தோரணையில் ஏதோ சொன்னார். மந்தெல்ஷ்டாமுக்கு ஆத்திரம் தாங்கவில்லை என்று அவர் மனைவி நதேஷ்தா தம் நினைவு நூலில் எழுதுகிறார். கவிதைக்கு வீடு நிபந்தனையா? அந்த ஆத்திரத்திலிருந்து அந்த நவம்பரில் ஒரு கவிதை பிறந்தது: தனக்குக் கிடைத்த வீட்டையே சபிக்கும் கவிதை. அதே மாதம்தான் ஸ்டாலினைப் பற்றிய கவிதையும். 1934 மே மாதம் அந்த வீட்டில் சோதனை போட்டுக் கவியைக் கைது செய்தார்கள். 1938 டிசம்பரில் விளாடிவாஸ்டாக்குக்கு அருகே ஒரு இடைத்தங்கல் முகாமில் செத்தார்.

மந்தெல்ஷ்டாம் நடந்துகொண்டே உதட்டசைவில் கவிதை கட்டுகிறவர். அவருக்கு மேஜை வேண்டியதில்லை. இந்த இடத்தில் நம் மாதிரி ஆட்களுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. முந்நூறு பிரதி அச்சடித்துப் பாதியை விற்க முடியாமல் கட்டிலுக்கடியில் அடுக்கிவைக்கிறவனுக்கு, வசதியில்லாமையைப் பற்றி ஒரு ரகசியப் பெருமிதம் உண்டு. மந்தெல்ஷ்டாம் அதற்குச் சாட்சி சொல்வதாகத் தோன்றும்.

ஆனால் நதேஷ்தாவின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். காகிதத்தை வைக்க இடமில்லாத கவிதை வேறெங்கோ இருந்தாக வேண்டும். தலையணைக்குள்ளும் வாணலிக்குள்ளும் ஒளித்துவைத்தாள். அதுவும் பத்திரமில்லை என்று ஆனபோது மனப்பாடம் செய்தாள். மாஸ்கோவில் வசிக்க அனுமதியில்லாமல் ஊர் ஊராக வாடகை மூலைகளில் இருந்துகொண்டு, மறந்துவிடக் கூடாதே என்று அத்தனை வரிகளையும் பல வருஷம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்மதோவா ‘இரங்கற்பா’வை எழுதியதும் இவ்விதமே: துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார், லிடியா சுகோவ்ஸ்கயா வாசித்து மனதில் ஏற்றிக்கொள்வார், காகிதம் சாம்பல் கிண்ணத்தில் எரியும். வீட்டில் ஒளித்துவைக்க மூலை இல்லாதபோது இன்னொருத்தியின் ஞாபகம் பரணாயிற்று. எழுத ஒரு பெண்ணுக்குப் பணமும் தனி அறையும் வேண்டும் என்று வர்ஜினியா வுல்ஃப் 1929ல் வாதாடினார். மந்தெல்ஷ்டாம் அறை வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்ற அறைக்கு வாடகை கொடுத்தவள் நதேஷ்தா. வீடின்மையைக் கவித்துவமாக்கிப் பேசும்போது இந்த வாடகையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

6

1957 ஜூலையில் குருஷ்சேவ் அரசு குடும்பத்துக்கு ஒரு தனி வீடு என்று தீர்மானித்தது. ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி ஐந்து மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் நாடெங்கும் எழுந்தன. கூரை இரண்டரை மீட்டர் உயரம். சமையலறை ஐந்தாறு சதுர மீட்டர். அழகில்லை, ஆனால் கதவு உண்டு, உட்புறமாகப் பூட்டிக்கொள்ளலாம். அந்தக் கதவின் அர்த்தம் நாற்பது வருஷம் பீரோவுக்குப் பின்னால் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மாஸ்கோவின் செர்யோமுஷ்கி என்ற புதுக் குடியிருப்பைப் பற்றி ஷோஸ்டகோவிச் ஒரு இசை நாடகமே எழுதினார். 1959 ஜனவரியில் மேடையேறியது.

இங்கேயும் பழைய சாமர்த்தியம் தொடர்ந்தது. சமையலறை ஜன்னலுக்கடியில் சுவரைக் குடைந்து ஒரு மாடம். வெளிக்குளிரே அதற்கு ஐஸ் பெட்டி. நடைக்கு மேலே பரண். பகலில் சோபா, இரவில் கட்டில். ஒரு முழுச் சுவரை அடைத்துக்கொண்டு அலமாரி வரிசை. ஆனால் பெரிய கண்டுபிடிப்பு சமையலறைதான். மற்ற அறையில் குழந்தை தூங்குகிறது. வந்தவர்களை உட்காரவைக்க வேறு இடமில்லை. ஆறு சதுர மீட்டரில் எட்டுப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒட்டுக்கேட்கும் கருவிக்குப் பயந்து குழாயைத் திறந்துவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பேசினார்கள். தட்டச்சுப் பிரதிகள் கை மாறின. அடுப்பை ஒழிப்பதற்காக 1928ல் சுருக்கப்பட்ட சமையலறை, 60களில் ஒரு நாட்டின் தணிக்கையற்ற இலக்கியத்துக்கு அரங்கமாயிற்று. எந்தத் திட்டக்காரரும் எண்ணியிராத உபயோகம். நதேஷ்தாவுக்கும் 60களின் மத்தியில் செர்யோமுஷ்கி பகுதியில்தான் ஒற்றையறை வீடொன்று கிடைத்தது. பார்க்க வருகிறவர்களை அவர் சமையலறையில்தான் உட்காரவைப்பார். 1980 டிசம்பரில் அங்கேயே இறந்தார்.

எல்லாருக்கும் புது வீடு கிடைத்துவிடவில்லை. லெனின்கிராடின் லித்தேய்னி சாலையில் முரூஸி மாளிகை என்று ஒன்று. 1870களில் மூரிஷ் பாணியில் கட்டியது. ஒரு காலத்தில் மெரெஷ்கோவ்ஸ்கியும் கிப்பியஸும் அங்கே இலக்கிய அவை நடத்தினார்கள். 1955லிருந்து அதன் ஒரு பொதுக்குடியிருப்பில் ஜோசப் ப்ராட்ஸ்கியின் குடும்பம் இருந்தது. ஒரு அறை பெற்றோருக்கு. இரண்டு பெரிய வளைவுகளுக்கு அப்பால் நீண்ட மிச்சம் மகனுக்கு. இதை அவர் ஒன்றரை அறை என்று கணக்கிட்டார். வளைவுகளுக்குக் கதவு கிடையாது. பையன் வளர வளர அந்தத் திறப்பை அடைக்கப் பாடுபட்டான். பீரோக்களைக் குறுக்கே நிறுத்தி, மேலே புத்தகத் தட்டு, அதற்குமேல் பெட்டிகள் என்று கூரையை நோக்கி அடுக்கினான். பிறகு ஒரு பீரோவின் பின்பலகையைக் கழற்றினான். பீரோவே வாசலாயிற்று: கதவைத் திறந்து அதற்குள் நுழைந்து மறுபுறம் வெளிவந்தால் அவன் உலகம். பத்து சதுர மீட்டர். 1964ல் உருப்படியாக வேலை செய்யாதவன் என்று வழக்குப் போட்டு வடக்கே நாடு கடத்தப்பட்டதும் அங்கிருந்துதான். திரும்பி வந்ததும் அங்கேதான். 1972 ஜூன் 4ந் தேதி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டபோது கிளம்பியதும் அங்கிருந்தே.

பெற்றோரை அவர் அதன்பின் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் மனுப்போட்டும் அவர்களுக்கு வெளியே போக அனுமதி கிடைக்கவில்லை. தாய் 1983லும் தந்தை 1984லும் இறந்தார்கள். அதன்பிறகு எழுதிய நீண்ட கட்டுரையை அவர் ருஷ்ய மொழியில் எழுதவில்லை. அரசு ஆண்ட மொழிக்கு வெளியே அவர்கள் கொஞ்சம் சுதந்திரமாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினார். பெற்றோரிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ளப் பீரோ அடுக்கியவர், அவர்களுக்கு இடம் செய்து கொடுக்க இன்னொரு மொழியைத் தடுப்பாக வைத்தார். அக்கட்டுரையில் அவருடைய தடுப்பைப் பற்றிய பெருமையும், அதற்கு அந்தப் பக்கம் மெதுவாக நடமாடிய இரு கிழவர்களைப் பற்றிய துக்கமும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

வீட்டின் கோணல் மூலைகளைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவது எப்படி என்று பளபளக்கும் தாள்களில் இன்று படம் போடுகிறார்கள். மடிக்கும் கட்டில், படிக்கட்டுக்குள் இழுப்பறை, சுவருக்குள் மேஜை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ருஷ்யாவில் இவை எல்லாம் அழகுணர்ச்சி தோன்றுமுன்பே வந்துவிட்டன. அவற்றைப் பாராட்டும்போது, இடத்தைக் குறுக்கிய கை யாருடையது என்ற கேள்வியை மறந்துவிடுகிறோம். பாஸ்டர்நாக்கின் உபசார வார்த்தையும் தவறு, அதற்கு எதிரான நம் வறுமைப் பெருமிதமும் தவறு. அறை கவிதைக்குக் கூலியல்ல; அறையில்லாமை கவிதைக்குத் தகுதியுமல்ல. ஒருவன் பீரோவின் பின்பலகையைக் கழற்றுகிறான் என்றால், எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவன் தீர்மானித்திருக்கிறான் என்பதுதான் அதிலிருந்து நமக்குத் தெரிகிறது.

அந்த ஒன்றரை அறையை நினைவகமாக்க வெகு காலம் முயற்சி நடந்தது. மற்ற குடித்தனங்கள் காலி செய்தன. ஒரு மூதாட்டி மட்டும் தம் அறையை விட மறுத்துவிட்டார். அவரை யாரும் வெளியேற்ற முடியவில்லை, வெளியேற்றியிருக்கவும் கூடாது. கடைசியில் பக்கத்து வீட்டை வாங்கி, நடுச்சுவரில் வழி உண்டாக்கி, 2020ல் நினைவகம் திறக்கப்பட்டது. பார்க்கப் போகிறவர்கள் இப்போதும் சுவருக்குள் புகுந்துதான் உள்ளே போகிறார்கள். அறை ஏறக்குறைய காலியாக இருக்கிறது. பீரோக்கள் இல்லை.